தும்பறைத் தறியும் டிச்லிங் தறியும்

கண்டி மாநகரை நினைக்குந்தோறும் நம் உள்ளத்தில் முதற்கண் எழுவன தலதா மாளிகையும், அதன் அருகே அமைந்த வாவியும், எசல மாதத்துப் பெரஹராவுமே ஆகும். யானையின் முதுகிலே பொற்பேழை பவனி வரும் காட்சியைக் காண்பவர், அந்த யானையின்மேல் விரித்த துணியையோ, மேளம் கொட்டுவோர் அரையிற் கட்டிய ஆடையையோ தனித்து நோக்குவது அரிது. ஆயினும் அத்தகைய துணிகளை நெய்து தந்த கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் தொடங்கி, கடல் கடந்து இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே போய்ப் புதுவடிவம் கொள்கின்றது. அந்த நெடும்பயணத்தையே இன்று நேயர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகின்றேன்.

நெசவு என்றவுடன் காஞ்சிபுரத்தின் பட்டையும், நம் நாட்டு மருதமுனையின் கைத்தறியையும் நாம் எண்ணுவோம். அவை ஊர் முழுவதும் தறியோசை கேட்கும் பெருநெசவு. கண்டி நாட்டு நெசவு அத்தகையதன்று. உழவும் சேனைப் பயிரும் ஒரு புறம் நடக்க, வீட்டின் தாழ்வாரத்திலே ஒரு தறியை வைத்துக்கொண்டு, ஊராருக்கும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் வேண்டிய அளவு மட்டும் நெய்து கொடுத்த சிறுநெசவு அது. பருத்தியும் பெரும்பாலும் சேனை நிலங்களிலேயே விளைந்தது. கொட்டை நீக்குவது, பஞ்சை அடிப்பது, நூல் நூற்பது ஆகியவற்றுட் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் வேலை.

இந்நெசவுக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டென்பது பழைய மரபு. சிங்கள மன்னர் ஒருவர் தென்னிந்தியாவினின்றும் நெசவாளர் எண்மரை வருவித்துக் குடியேற்றினார் என்பது ஒரு கதை. அவர்களது வழியினர் சாலியர் என்னும் பெயருக்கு இயைபான பெயர் கொண்ட சாலாகம வகுப்பினர் என்றும் கூறுவர். கதையின் ஒவ்வொரு சொல்லையும் வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் கண்டி நாட்டுக் குழித்தறியையும் நம் குழித்தறியையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, இரண்டும் ஒரு குடும்பத்தின என்பது விளங்காமற் போகாது. நெய்பவன் நிலத்தில் தோண்டிய குழியிலே கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பதும், விழுதுகள் மேலிருந்து தொங்குவதும் இரு நாட்டிற்கும் பொது. சாலாகம வகுப்பினர் பலர் காலப்போக்கில் கரையோரத்திலே கறுவாப்பட்டை உரிக்கும் தொழிலுக்கு உரியவராயினர். மலைநாட்டில் தறி வேறு மக்களின் கையில் தங்கியது.

அம்மக்கள் யாவர் என்பதை ஓர் அயல்நாட்டார் எழுதி வைத்தார். 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசினுள்ளே வாழ்ந்தவர் இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் வெளிவந்த அவர் நூலிலே நெசவாளரைப் பற்றி ஒரு செய்தி உள்ளது. துணி நெய்பவரே நாளும் கோளும் பார்த்து நல்ல நேரம் குறித்துக் கொடுப்பவர் என்றும், கோயில்களில் மேளம் கொட்டுபவரும் குழல் ஊதுபவரும் ஆடுபவரும் அவரே என்றும் அவர் குறித்தார். சிங்களத்தில் பெரவா என்று அழைக்கப்பெறும் மேளகாரரே அம்மக்கள். பெரஹராவில் முழங்கும் மேளத்திற்கும், அமைதியாக ஓடும் நாடாவிற்கும் ஒரே கை உரியதாக இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்க உண்மை.

உடுதும்பறைப் பகுதியிலே மலைகளுக்கிடையே அமைந்த தலகுனை என்னும் சிற்றூர் இந்நெசவிற்குப் பெயர் பெற்றது. வெண்மையான பருத்திப் பாவிலே, ஊடை நூல் ஓடிச் செல்லும்போது, உருவம் வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பும் நீலமுமான நூலை விரலாற் செருகிச் செருகி நெய்வது அங்குள்ள முறை. அன்னமும் அரிமாவும், இரு தலைப் பறவையும், கொடியும் மலரும் அவ்வாறு துணியிலே தோன்றுகின்றன. வரைந்த தாள் ஒன்றைப் பார்த்து இதனை நெய்வதில்லை. நூலை எண்ணும் கணக்கு நெய்பவர் நெஞ்சிலே இருக்கின்றது. அதனால் ஒரே உருவம் இரு துணிகளில் வந்தாலும் இரண்டும் அச்சாக ஒத்திரா.

தும்பறைக்கு மற்றொரு சிறப்பு அதன் பாய். கண்டிக்கு அண்மையில் மெனிக்கின்னைப் பக்கத்திலுள்ள களசிறிகமை என்னும் ஊரிலே இத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது. மருள் என்று நாம் கூறும் செடியின் நீண்ட இலையை ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து, மரத்தாலான கருவியாற் சுரண்டிச் சதையை நீக்கினால் வெண்ணிற நார் கிடைக்கும். அதனை அலசி உலர்த்திச் சீவியபின் சாயம் ஏற்றுவர். பதங்கி மரத்தின் கட்டையிலிருந்து சிவப்பும், மரமஞ்சட் கொடியிலிருந்து மஞ்சளும், கடுக்காய் தான்றிக்காயுடன் சேற்றையும் சேர்ப்பதால் கறுப்பும் உண்டாகும். பின்னர்த் தரையோடு தரையாகக் கிடக்கும் தறியிலே பருத்தி நூலைப் பாவாக விரித்து, நாரை ஊடையாகக் கொடுத்து, வாள் போன்ற மரச்சட்டத்தால் இறுக்கி நெய்வர். நாரின் இயல்புக்கு வளைவான உருவங்கள் இசைவதில்லை. ஆதலின் யானையும் மானும் பாம்பும் அங்கே நேர்கோடுகளும் முக்கோணங்களுமாகச் சுருங்கி அமைகின்றன. பொருளின் இயல்பு இங்கே உருவத்திற்கு ஆசிரியனாகின்றது.

இத்துணை நுட்பமான பாயை நெய்த கின்னர வகுப்பினருக்கு அக்காலச் சமுதாயம் அளித்த மதிப்பு யாது? ஆணாயினும் பெண்ணாயினும் அவர்கள் தலையில் எதனையும் அணிதல் ஆகாது என்பது வழக்கம் என நொக்ஸ் எழுதுகின்றார். அரண்மனைத் தரையிலே அவர்களின் பாய் கிடந்தது. அவர்களோ சாதிப்படியின் அடியில் நின்றனர். பழங்கலையைப் போற்றுவோர் இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனை ஆதரவு அற்றது. தொழிலுக்கு ஈடாக நிலம் பெற்று ஊழியஞ் செய்யும் இராசகாரிய முறை, கோயில் நிலங்கள் நீங்கலாக, 1832இல் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் தொழிலாளனுக்கு அதன் ஈடாக வேறோர் ஆதரவு அமையவில்லை. காடுகளும் சேனை நிலங்களும் கோப்பித் தோட்டங்களாயின. மஞ்செஸ்டர் ஆலைத்துணி மலைப்பாதைகளில் ஏறி வந்தது. சிறுதறியாற் போட்டியிட இயலுமோ? ஊர் தோறும் இருந்த தறிகள் ஒவ்வொன்றாகப் பரணிற் சென்று தங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது, அந்நெசவு சில ஊர்களிலே மட்டும் எஞ்சி நின்றது.

இந்நிலையில் 1903ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர் இளந்தம்பதியர் இருவர். கணவர் ஆனந்த குமாரசுவாமி. புகழ்பெற்ற தமிழறிஞரும் சட்ட வல்லுநருமான சேர் முத்துக்குமாரசுவாமிக்கும், எலிசபெத் பீபி என்னும் ஆங்கில அம்மையாருக்கும் 1877இல் கொழும்பிலே பிறந்து, தந்தையை இளமையிலேயே இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர் அவர். மனைவி எதெல் மேரி பாட்ரிட்ஜ். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பார்ன்ஸ்டப்பிள் என்னும் ஊரிலே மருந்து வணிகர் ஒருவரின் மகளாக 1872இல் தோன்றியவர். இருவரும் 1902இல் மணந்துகொண்டனர். நாட்டின் கனிப்பொருள்களை ஆராயும் துறைக்குத் தலைவராகக் குமாரசுவாமி அமர்ந்தார்.

கல்லையும் மண்ணையும் தேடி மலைநாட்டு ஊர்களிற் சுற்றியவரின் கண்ணில், அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்கள் பட்டன. 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு திறந்த மடல் வரைந்து, பழங்கட்டடங்களும் கலைகளும் பேணுவாரின்றி அழிவதை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தையும் நிறுவினார். பிற்காலத்தில் உலகம் போற்றிய கலைப்பேராசிரியரைக் கண்டியின் கொல்லரும் தச்சரும் ஓவியரும் நெசவாளருமே உருவாக்கினர் எனலாம்.

குமாரசுவாமியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவருடன் சென்ற அம்மையாரைப் பற்றி நம்மிற் பலர் அறியார். எதெல் அம்மையார் கணவருக்குத் துணையாக மட்டும் நின்றவர் அல்லர். புகைப்படக் கருவியோடு தொழிலாளர் இல்லங்களுக்குச் சென்று, அவர்கள் வேலை செய்யும் முறையைப் படம் பிடித்தார். நாட்குறிப்புகள் எழுதினார். கண்டி நாட்டுத் துணிகளையும் பூவேலைகளையும் தேடிச் சேர்த்தார். வீட்டு நூலில் நெய்த தடித்த துணியின்மேல், சிவப்பும் நீலமும் வெண்மையுமான நூலாற் சங்கிலித் தையலிட்டுச் செய்த வெற்றிலைப் பைகள் அவர் உள்ளத்தை ஈர்த்தன. பழஞ்சிங்களப் பூவேலையைப் பற்றி 1906இல் ஒரு கட்டுரையும் எழுதி வெளியிட்டார்.

கண்டியிலே அவர் கண்டது யாது? ஆலைத்துணியில் நூல் ஒருவன் கையில், நிறம் இன்னொருவன் கையில், வடிவம் வேறொருவன் கையில் உருவாகின்றன. துணியை முழுமையாக அறிந்தவன் ஒருவனும் இல்லை. தும்பறையிலோ, செடியை வெட்டியவர், நாரைப் பிரித்தவர், சாயத்தைக் காய்ச்சியவர், தறியில் அமர்ந்தவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். எந்த இலை எந்நாளில் நல்ல நார் தரும், எந்த நிறம் வெயிலில் நிற்கும் என்பவற்றை அவர்கள் நூலிற் படித்தறிந்தாரில்லை. பொருளோடு நெடுநாட் பழகிய பழக்கமே அவர்களுக்கு நூல். மருந்து வணிகரின் மகளுக்கு, வேரையும் பட்டையையும் கொதிக்க வைத்து நிறம் காணும் இத்தொழில் முற்றும் அயலானதாகத் தோன்றியிராது.

1907இல் இருவரும் இங்கிலாந்து மீண்டு, பிராட் கேம்டன் என்னும் ஊரிலே, நோர்மன் காலத்துப் பழைய சிற்றாலயம் ஒன்றைச் சீர்செய்து குடியேறினர். அங்கேயே குமாரசுவாமி தம் பெருநூலாகிய 'இடைக்காலச் சிங்களக் கலை'யைக் கையச்சிலே அச்சிட்டார். கைவினையின் பெருமையை ஆங்கில நாட்டுக்கு எடுத்துரைத்த வில்லியம் மோறிசு பயன்படுத்திய அச்சுப்பொறியே அதற்கும் பயன்பட்டது. பதினைந்து மாதங்கள் நடந்த அச்சுவேலை 1908 டிசம்பரில் முடிந்தது. வெளிவந்த படிகள் 425 மட்டுமே. எதெல் அம்மையார் கண்டியிற் பிடித்த படங்கள் அந்நூலில் இடம்பெற்றன.

பின்னர் அத்தம்பதியர் பிரிந்தனர். குமாரசுவாமியின் வழி இந்தியாவுக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கும் சென்றது. எதெல் அம்மையார் நாற்பதை நெருங்கிய வயதில், தனித்து நின்ற நிலையில், தறியைத் தம் வாழ்வாகக் கொண்டார். 1913இல் பிலிப் மெய்ரே என்பவரை மணந்து எதெல் மெய்ரே என்னும் பெயர் பெற்றார். 1916இல் இயற்கைச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அவுரி, மஞ்சிட்டி, மரப்பட்டை, கற்பாசி முதலியவற்றால் கம்பளிக்கும் பருத்திக்கும் நிறமேற்றும் முறைகளையும், படிகாரம் முதலியவற்றால் நிறத்தை நிலைக்கச் செய்யும் வகைகளையும் அது விளக்கியது. ஆங்கில நாட்டிலே கைவிடப்பட்டிருந்த ஒரு கலைக்கு அது வழிகாட்டியாயிற்று.

சசெக்ஸ் மாவட்டத்து டிச்லிங் என்னும் சிற்றூரில் கட்டிய இல்லத்துக்குக் 'காஸ்பல்ஸ்' என்று பெயரிட்டு, அங்கேயே தம் தறிச்சாலையை அமைத்தார். அது ஆலையன்று, வீட்டோடு சேர்ந்த சிறுசாலை. நூற்றலும் சாயமிடலும் நெய்தலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் நடந்தன. ஊர்ப்பெண்கள் அங்கு வேலை கற்றனர். வெளியூர் மாணவரும் வந்து தங்கிப் பயின்றனர். ஆங்கிலக் கைத்தறியில் பின்னாளிற் பெயர் பெற்ற எலிசபெத் பீகொக், மரியான் ஸ்ட்ரோப், பீட்டர் கொலிங்வுட் ஆகியோர் அச்சாலையோடு தொடர்புற்றவரே. யப்பானிய மட்கலக் கலைஞர் ஷோஜி ஹமாடாவும் அவ்வூருக்கு வந்து, அம்மையாரின் துணியைக் கண்டு போற்றினார்.

அம்மையாரின் துணிகளிலே சிங்கமும் அன்னமும் இல்லை. கண்டி உருவங்களைப் பெயர்த்தெடுத்து ஆங்கிலத் துணியில் ஒட்ட அவர் முயலவில்லை. சாதாரண நெசவிலேயே, நூலின் தன்மையும் நிறத்தின் ஆழமும் துணிக்கு அழகு தருமாறு செய்தார். மருளின் நார் தும்பறைப் பாயின் உருவத்தை வகுத்தது போல, ஆட்டு மயிரின் இயல்பு டிச்லிங் துணியை வகுத்தது. வெளித்தோற்றத்தைக் கடன் வாங்குவோர் எந்நாட்டிலும் பலர். தொழிலின் உள்ளியல்பை உணர்ந்து தம் நாட்டுப் பொருளில் அதனை மீண்டும் காண்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராக அவரை மதிக்கலாம்.

இதனால் அவர் கலை முழுவதும் கண்டி தந்ததே என்று நாம் பெருமை கொண்டாடுதல் பொருந்தாது. மோறிசின் கருத்துகளும், ஐரோப்பியச் சிற்றூர்களிற் சுற்றி அவர் சேர்த்த துணிகளும், நவீன காலத்து ஆலைத்தொழிலும் அவர் சிந்தனையை வளர்த்தன. 1939இல் வெளியிட்ட 'இன்றைய கைநெசவு' என்னும் நூலில், கைத்தறி இயந்திரத்தை வெறுத்து ஒதுங்காமல், புதிய துணிகளை முதலிற் சோதித்துப் பார்க்கும் இடமாக இருந்து ஆலைக்கே வழிகாட்ட வேண்டும் என்று அவர் வாதிட்டார். தொழில்துறை வடிவமைப்புக்காக இங்கிலாந்து வழங்கும் அரச வடிவமைப்பாளர் என்னும் சிறப்பினை 1937இல் பெற்றார். அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1952இல் மறையும் வரை அவர் தறியை விட்டு நீங்கவில்லை. அவர் கண்டியில் எழுதிய நாட்குறிப்புகள் இங்கிலாந்தின் பார்னம் நகரிலுள்ள கைவினை ஆய்வு நிலையத்திலே பாதுகாக்கப்படுகின்றன.

இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் கேள்வி ஒன்று எழுகின்றது. டிச்லிங்கில் ஒரு தறியில் நெய்தவரைக் கலைஞர் என்று உலகம் அழைத்தது. அவர் துணி காட்சிச்சாலைக்குச் சென்றது. அவர் பெயர் நூல்களில் ஏறியது. தும்பறையில் ஒரு தறியில் நெய்தவரை நாடு யாதென்று அழைத்தது? முன்பு சாதிப் பெயரால் அழைத்தது. பின்பு குடிசைத் தொழிலாளர் என்று கணக்கேட்டில் எழுதியது. எதெல் அம்மையாரின் படங்களில் தறியருகே அமர்ந்து நம்மை நோக்கும் முகங்கள் உள்ளன. அம்முகங்களுக்குரிய பெயர்களை நாம் கேட்டறிந்து போற்றினோமில்லை. இக்குறையை அயல்நாட்டார் மேல் மட்டும் ஏற்றிவிடல் எளிது. தும்பறைப் பாயைக் கூடத்தில் விரித்துவிட்டு, அதனை நெய்தவரை முற்றத்தில் நிறுத்தியவர் நம் நாட்டவரே அல்லரோ?

அண்மைக் காலத்திலே சிறிது மாற்றம் காணப்படுகின்றது. 1928இல் கண்டியிற் பிறந்த பார்பரா சன்சோனி அம்மையார், கிராமப் பெண்களின் கைத்தறியை நிறத்தின் அழகால் உயர்த்தி, 1964இல் 'பெயார்பூட்' என்னும் நிறுவனத்தை அமைத்து, 2022இல் மறையும் வரை இந்நாட்டுக் கைநெசவுக்கு உலகப் பெயர் தேடித் தந்தார். தும்பறைப் பாய் நெசவினை 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. தலையில் எதனையும் அணியக் கூடாது என்று விலக்கப்பட்டவரின் கைத்திறனுக்கு உலகமே முடிசூட்டியது எனலாம். ஆயினும் பட்டியலிற் பெயர் ஏறியதால் உலை கொதித்து விடாது. இன்று அத்தொழிலைத் தொடர்வன சில குடும்பங்களே. ஒரு பாய்க்கு வேண்டிய நாரைப் பிரித்துச் சாயமிட்டு நெய்து முடிக்கும் உழைப்புக்கு ஏற்ற விலை கிடைத்தாலன்றி, இளையோர் அத்தறியின் முன் அமரமாட்டார்.

கண்டிக்குச் செல்லும் நேயர்கள் தலதா மாளிகையை வணங்கியபின், ஒரு பகற்பொழுதை ஒதுக்கி மெனிக்கின்னைப் பக்கம் செல்வாராக. அங்கே ஒரு பாயையோ, சுவரில் மாட்டும் சிறு நெசவையோ வாங்குவோர், விலையைக் கேட்பதற்கு முன் நெய்தவரின் பெயரைக் கேட்பாராக. கேட்ட பெயரை அப்பாயின் பின்புறத்திலே ஒரு துண்டுத் தாளில் எழுதி வைப்பாராக. எதெல் அம்மையாருக்கு நெசவின் உள்ளியல்பைக் காட்டிய அவ்வூர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் நெடுநாளாக நிற்கின்றது. அதன் முதற்றவணையாக அத்துண்டுத் தாளேனும் அமையட்டும்.